சமமற்ற பங்களிப்பில் கூட்டாக வீடு வாங்குதல்

இருவர் அல்லது பலர் வெவ்வேறு அளவில் பணம் போட்டு, ஒரே கிரையப் பத்திரத்தின் மூலம் ஒரு வீட்டைத் தங்கள் பெயர்களில் வாங்குவது கூட்டுக் கிரையத்தின் ஒரு வகையாகும். கணவன் மனைவி, உடன்பிறந்தோர், பெற்றோரும் பிள்ளையும், மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வோர் எனப் பலரும் இவ்வாறு வாங்குகின்றனர். போடும் பணம் சமமாக இருக்கும்போது பெரிய சிக்கல் எழுவதில்லை. ஒருவர் அதிகமும் மற்றவர் குறைவும் போடும்போது, அல்லது ஒருவர் முன்பணமும் மற்றவர் மாதத் தவணையும் கட்டும்போது, வீட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி எழுகிறது. வாங்கும் நாளில் பெரும்பாலும் யாரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. விற்கும்போதோ, பிரியும்போதோ, ஒருவர் இறக்கும்போதோ கேட்கின்றனர். அப்போது விடை சொல்ல வேண்டியது நினைவு அல்ல, பத்திரம்.

இக்கட்டுரை இந்தியச் சட்டத்தையும், குறிப்பாகத் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள பதிவு முறையையும் அடிப்படையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

சட்டம் எடுத்துக்கொள்ளும் பங்கு

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவே இதற்கு அடிப்படை. அதன் சாரம் மூன்று படிகளில் அமைகிறது. வாங்கியவர்களுக்குள் பங்கு குறித்து ஓர் ஒப்பந்தம் இருந்தால் அதன்படியே பங்கு. ஒப்பந்தம் இல்லை, ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பணத்திலிருந்து எவ்வளவு கொடுத்தனர் என்பதற்குச் சான்று உள்ளது என்றால், கொடுத்த பணத்தின் விகிதத்தில் பங்கு. ஒப்பந்தமும் இல்லை, சான்றும் இல்லை என்றால் அனைவருக்கும் சம பங்கு இருப்பதாகக் கொள்ளப்படும்.

"இரண்டு பெயர் இருந்தால் பாதிப் பாதி" என்ற பரவலான நம்பிக்கை இம்மூன்றாவது படியிலிருந்து வந்தது. அது முழுத் தவறல்ல; ஆனால் அது கடைசிப் புகலிடம் மட்டுமே. முதல் இரண்டு படிகளும் தவறும்போதுதான் சட்டம் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. எனவே 10 ஆண்டுகளுக்கு முந்தைய வங்கிக் கணக்கு விவரத்தைப் பாதுகாத்து வைத்திருப்பவருக்கும், அதைத் தொலைத்துவிட்டவருக்கும் ஒரே வீட்டில் வேறு வேறு பங்கு கிடைக்கக்கூடும்.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். ஆங்கிலேயச் சட்டத்தில் கூட்டுரிமை இரு வகைப்படும். ஒன்றில் ஒருவர் இறந்தால் முழுச் சொத்தும் உயிரோடு இருப்பவருக்குத் தானாகச் சேரும். மற்றொன்றில் இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். இந்தியாவில், பத்திரத்தில் வேறுவிதமாகத் தெளிவாக எழுதப்படாத வரை, இரண்டாவது வகையே கொள்ளப்படும். "அவர் காலத்துக்குப் பிறகு வீடு எனக்குத்தானே" என்று எண்ணியிருக்கும் துணைவருக்கு இது பெரும் அதிர்ச்சியாக அமைவதுண்டு. இதைக் கட்டுரையின் இறுதியில் விரிவாகக் காணலாம்.

பத்திரத்தில் பங்கை எழுதுதல்

கிரையப் பத்திரத்திலேயே ஒவ்வொருவரின் பங்கையும் குறிப்பிடலாம். "வாங்குபவர்களில் 1ஆமவருக்கு 5இல் 3 பங்கும், 2ஆமவருக்கு 5இல் 2 பங்கும்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அதனுடன் விலைத்தொகை எந்தெந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு செலுத்தப்பட்டது என்ற விவரத்தையும் சேர்ப்பது நல்லது. இதற்குக் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை. ஆயினும் நடைமுறையில் பெரும்பாலான பத்திரங்களில் இவ்வரி இருப்பதில்லை. பத்திரம் எழுதுபவர் பழைய மாதிரியில் பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறார். வாங்குபவர்களும் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் சரியாக உள்ளனவா என்று மட்டும் பார்க்கின்றனர். கணவன் மனைவிக்குள் பங்கைப் பற்றிப் பேசுவது அவநம்பிக்கையின் அடையாளம் என்ற தயக்கமும் ஒரு காரணம்.

பின்னர் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கின்றனர். இது ஆபத்தானது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும், மாற்றும் அல்லது கைவிடும் ஆவணம் பதிவு செய்யப்பட வேண்டும். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் பெற்ற தாள், பதிவான கிரையப் பத்திரத்தில் உள்ள பங்கை மாற்றிவிடாது. பத்திரத்தில் எழுதியதற்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் கொடுக்கவும் சாட்சியச் சட்டம் எளிதில் இடம் தருவதில்லை. ஆகவே பத்திரத்தில் பாதிப் பாதி என்று எழுதிவிட்டு, உண்மையில் 70 விழுக்காடு தம்முடையது என்று பின்னர் நிறுவ முயல்பவர் கடினமான பாதையில் செல்கிறார். பங்கை மாற்ற விரும்பினால் விடுதலைப் பத்திரமோ செட்டில்மெண்ட் பத்திரமோ பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கிடையே இவ்வகைப் பத்திரங்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு; குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பட்டாவில் இரு பெயர்களும் சேர்வது பங்கைத் தீர்மானிப்பதில்லை. பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். வில்லங்கச் சான்றும் எந்தெந்தப் பத்திரங்கள் பதிவாகியுள்ளன என்பதைக் காட்டுமே தவிர, யார் எவ்வளவு பணம் போட்டார் என்பதைக் காட்டாது. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், நிலத்தில் உள்ள பிரிபடாத பங்குக்கு ஒரு பத்திரமும் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தமும் போடப்பட்டிருக்கலாம். அவ்வாறெனில் இரண்டிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு

சிக்கல் எங்கே தோன்றுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு தம்பதியர் 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு தனி வீடு வாங்குகின்றனர் எனக் கொள்வோம். மனைவி தம் சேமிப்பிலிருந்தும் நகையை விற்றும் 20 லட்சம் தருகிறார். கணவர் 10 லட்சம் தருகிறார். மீதி 50 லட்சத்துக்கு இருவரும் சேர்ந்து 20 ஆண்டுக் கடன் வாங்குகின்றனர். வட்டி 8.5 விழுக்காடு. மாதத் தவணை ஏறத்தாழ 43,400 ரூபாய். இத்தவணையைக் கணவரின் சம்பளக் கணக்கிலிருந்து வங்கி எடுத்துக்கொள்கிறது. மனைவியின் சம்பளத்தில் மளிகை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம், மருத்துவச் செலவு ஆகியவை நடக்கின்றன.

இப்போது வீட்டில் மனைவியின் பங்கு என்ன?

கடனை இருவரும் சமமாக ஏற்றதாகக் கொண்டால், மனைவியின் பங்களிப்பு 20 லட்சத்துடன் 25 லட்சம் சேர்ந்து 45 லட்சம், அதாவது 56.25 விழுக்காடு. கடன் முழுவதும் தவணை கட்டுபவருடையது என்று கொண்டால், மனைவிக்கு 80இல் 20, அதாவது 25 விழுக்காடு மட்டுமே. எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்றால் 50 விழுக்காடு. ஒரே குடும்பம், ஒரே வீடு, ஒரே பணம். விடை மட்டும் 25இலிருந்து 56 வரை மாறுகிறது. 45ஆம் பிரிவு எழுதப்பட்ட 1882இல் 20 ஆண்டு மாதத் தவணைக் கடன் என்ற வழக்கம் சாதாரண மக்களிடம் இல்லை. அப்பிரிவு விலைத்தொகையைக் கொடுத்தவர் யார் என்று கேட்கிறது. விலைத்தொகையோ பதிவு நாளன்றே விற்பவருக்குக் கொடுத்து முடிக்கப்படுகிறது. அதன் பிறகு மாதாமாதம் வங்கிக்குக் கட்டுவது, விலையைக் கொடுப்பதா, கடனைத் தீர்ப்பதா என்பதில்தான் வாதம் பிறக்கிறது.

5 ஆண்டுகள் கழிகின்றன. கணவர் இதுவரை கட்டியது சுமார் 26 லட்சம். ஆனால் கடன் 50 லட்சத்திலிருந்து சுமார் 44 லட்சமாகத்தான் குறைந்திருக்கும். தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே செல்கிறது. முதல் மாதத் தவணையில் 35,000 ரூபாய்க்கு மேல் வட்டி, அசலில் கழிவது 8,000 ரூபாய்க்கும் குறைவு. இந்நிலையில் வீடு 1 கோடிக்கு விற்கப்படுகிறது. கடன் போகக் கையில் நிற்பது 56 லட்சம்.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 28 லட்சம். ஒவ்வொருவரும் அசலாகப் போட்டதை, அதாவது மனைவிக்கு 20, கணவருக்கு 10உடன் தவணையில் கழிந்த 6 சேர்த்து 16 என முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதி 20 லட்சத்தைப் பாதியாகப் பிரித்தால் மனைவிக்கு 30, கணவருக்கு 26. வட்டியும் பங்களிப்பே என்று கணவர் வாதிட்டு, தாம் போட்டது 10உம் 26உம் சேர்ந்து 36 லட்சம் என்று கணக்குக் காட்டினால், 56 லட்சமும் 20க்கு 36 என்ற விகிதத்தில் பிரியும். மனைவிக்கு அவர் போட்ட 20 லட்சம் மட்டும் திரும்ப வரும். வீட்டின் விலை உயர்ந்ததில் அவருக்கு ஒரு ரூபாயும் இல்லை.

இம்மூன்றாவது கணக்கு வெளிப்பார்வைக்கு நியாயமாகவே தெரியும். அதில் விடுபட்டிருப்பது, அந்த 60 மாதங்களும் குடும்பம் எதில் சாப்பிட்டது என்பது. மனைவியின் சம்பளம் செலவுகளைத் தாங்கியதால்தான் கணவரின் சம்பளம் தவணைக்குக் கிடைத்தது. தவணைக்குக் கணக்கு விவரம் உண்டு, மளிகைக்கு ரசீது இல்லை. எனவே யார் எந்தச் செலவை ஏற்பது என்ற வீட்டு ஏற்பாடு, யாரும் நினைக்காமலே, சொத்துரிமையைத் தீர்மானிக்கும் ஏற்பாடாக மாறிவிடுகிறது. இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. இருவரும் வருமானத்துக்கேற்ற தொகையை ஒரு கூட்டுக் கணக்கில் செலுத்தி, தவணையையும் குடும்பச் செலவையும் அக்கணக்கிலிருந்தே நடத்தலாம். 45ஆம் பிரிவும் பொது நிதியிலிருந்து வாங்கியவற்றுக்குத் தனியாக விதி கூறுகிறது: அந்நிதியில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கே சொத்திலும் பங்கு.

பதிவுச் செலவையும் கணக்கில் சேர்க்க மறப்பதுண்டு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் என அமைந்தன. 80 லட்சத்துக்கு இது 7 லட்சத்து 20 ஆயிரம். அதைக் கொடுத்தவர் யார் என்பதும் எழுதி வைக்கத்தக்கதே.

கடன் வேறு, உரிமை வேறு

வீட்டுக்கடனில் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுவதும், பத்திரத்தில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. வங்கிகள் பொதுவாக எல்லா உரிமையாளர்களையும் கடனிலும் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் கடனில் சேர்ந்த எல்லோரும் உரிமையாளர்களாக இருப்பதில்லை. சம்பளம் போதவில்லை என்பதற்காக மனைவியோ தம்பியோ கடனில் மட்டும் கையொப்பமிட்டு, பத்திரத்தில் பெயர் இல்லாமல் இருக்கும் நிலை உண்டு. இவர் கடனுக்கு முழுப் பொறுப்பாளி. பத்திரப்படி வீட்டில் பங்கு இல்லாதவர்.

கூட்டுக் கடனில் 10 விழுக்காடு பங்குள்ளவர் 10 விழுக்காடு கடனுக்கு மட்டுமே பொறுப்பு என்பதும் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, கூட்டாக வாக்குறுதி தந்தவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம். முழுவதையும் கட்டியவர் மற்றவரிடமிருந்து அவர் பங்கை வசூலிக்கலாம். ஆனால் வேறு எண்ணம் வெளிப்படாத வரை அப்பங்கு சமமானது. இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முரண் தெரியும். சொத்து, போட்ட பணத்தின் விகிதத்தில், கடன், சமமாக. 25 விழுக்காடு உரிமையுள்ளவர் 50 விழுக்காடு கடனைச் சுமக்கும் நிலை இதனால் ஏற்படலாம். பத்திரத்தில் பங்கை எழுதும்போதே, கடனை எந்த விகிதத்தில் ஏற்கின்றனர் என்பதையும் எழுதிக்கொண்டால் இம்முரண் நீங்கும். வங்கிக்கு எதிராக அது செல்லாது, தங்களுக்குள் செல்லும்.

நகை, பெற்றோர் பணம், வீட்டு உழைப்பு

தமிழ்க் குடும்பங்களில் முன்பணத்தின் பெரும்பகுதி பல நேரங்களில் மனைவியின் நகையிலிருந்து வருகிறது. நகை அடகுக்குப் போகும், அல்லது விற்கப்படும். பணம் கணவரின் கணக்கில் சேர்ந்து, அங்கிருந்து விற்பவருக்குச் செல்லும். வங்கி ஆவணத்தில் அது கணவரின் பணமாகவே தெரியும். மணப்பெண்ணுக்கு வந்த சீதனம் அவருக்கே உரிய முழுச் சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவுபடுத்தியது; 2024இலும் அதை மீண்டும் உறுதி செய்தது. கணவர் நெருக்கடியில் அதைப் பயன்படுத்தினாலும், திருப்பித் தர வேண்டிய கடமை அவருக்கு உண்டு. எனினும் உரிமை இருப்பது ஒன்று, மெய்ப்பிப்பது மற்றொன்று. நகையை விற்ற ரசீதை மனைவியின் பெயரில் பெற்று, தொகையை மனைவியின் கணக்கில் வரவு வைத்து, அங்கிருந்தே விற்பவருக்கு அனுப்பினால் பிறகு யாரும் மெய்ப்பிக்க வேண்டிய தேவை இராது.

பெற்றோர் தரும் பணம் மற்றொரு சிக்கல். "வைத்துக்கொள், பிறகு பார்க்கலாம்" என்று மாமனார் தந்த 15 லட்சம் கொடையா, கடனா? மகளுக்கா, மருமகனுக்கா, இருவருக்குமா? கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டிய விடை இது. வீடு வாங்குவதற்கான முன்பணத்தை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்துள்ளதால், வங்கி வழியாகச் செலுத்துவது சான்றுக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் தேவை.

சம்பளமே இல்லாத துணைவரின் நிலை என்ன? சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூன் மாதம் அளித்த தீர்ப்பு இதில் குறிப்பிடத்தக்கது. கணவர் பல ஆண்டுகள் சவூதி அரேபியாவில் வேலை செய்து பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தினார். அப்பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. பின்னர் அவை தமக்கே உரியவை என்று கணவர் வழக்குத் தொடுத்தார். மனைவியின் வீட்டு உழைப்பு இல்லாமல் கணவர் வெளிநாடு சென்று சம்பாதித்திருக்க முடியாது, ஆகவே அது மறைமுகப் பங்களிப்பு என்று கூறி, சில சொத்துகளில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என நீதிமன்றம் தீர்த்தது. வீட்டு உழைப்புக்குச் சொத்துரிமை மதிப்பு தரும் சட்டம் எதுவும் இன்னும் இயற்றப்படவில்லை என்பதையும் அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. சட்டம் மௌனமாக இருந்த இடத்தில் நீதிபதி பேசினார். ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் இரண்டாம் மேல்முறையீடு வரை சென்று இந்த விடையைப் பெற முடியாது என்பதால், பத்திரத்தின் அந்த ஒரு வரியே மலிவானது.

பினாமித் தடை

ஒருவர் பணம் முழுவதையும் போட்டு, மற்றவர் பெயரையும் பத்திரத்தில் சேர்ப்பது பல குடும்பங்களில் இயல்பு. 1988ஆம் ஆண்டின் பினாமிச் சொத்துப் பரிவர்த்தனைத் தடைச் சட்டம், 2016இல் விரிவாகத் திருத்தப்பட்ட பிறகு, இதில் கவனம் தேவைப்படுகிறது. கணக்கில் காட்டப்பட்ட வருமானத்திலிருந்து வாழ்க்கைத்துணை அல்லது பிள்ளையின் பெயரில் வாங்குவது பினாமி ஆகாது. உடன்பிறந்தோர், பெற்றோர் முதலிய நேர்வழி உறவினர் பெயரிலும் வாங்கலாம். ஆனால் அவ்விடத்தில் பணம் போட்டவரின் பெயரும் ஓர் ஆவணத்தில் கூட்டுரிமையாளராக இருக்க வேண்டும். அண்ணன் பணத்தில் தம்பி பெயரில் மட்டும் வாங்கி, "நமக்குள் என்ன" என்று விட்டுவிட்டால், பிறகு அண்ணன் உரிமை கோரி வழக்கே தொடுக்க முடியாமல் போகலாம்.

மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த விதிவிலக்கு எதுவும் இல்லை. அவர்கள் சேர்ந்து வாங்கும்போது, போட்ட பணமும் பத்திரத்தில் எழுதிய பங்கும் ஒத்துப்போவது மிக முக்கியம்.

வரி

பத்திரத்தில் பங்கு தெளிவாக இருந்தால், வாடகை வருமானமும் விற்பனை ஆதாயமும் அப்பங்கின்படியே ஒவ்வொருவர் கணக்கிலும் சேரும். பழைய வரி முறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை கழிவு கோரலாம். அதற்கு உரிமையாளராகவும் கடனாளியாகவும் இருக்க வேண்டும், உண்மையில் கட்டியவராகவும் இருக்க வேண்டும். இச்சலுகைக்காகவே 50:50 என்று எழுதும் பழக்கம் உண்டு. சில ஆயிரங்கள் வரி மிச்சமாகும். சொத்தின் பங்கு நிரந்தரமாக மாறும். அவ்வாறு எழுதும்போது ஒருவரின் பணத்தில் மற்றவருக்குப் பங்கு கொடுக்கப்பட்டிருந்தால், கணவன் மனைவிக்கிடையே அப்பங்கின் வாடகை பணம் போட்டவரின் வருமானத்தோடேயே சேர்த்துக் கணக்கிடப்படும் என்பதையும் மறக்கக்கூடாது.

வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 80 லட்சம் வீட்டை இருவர் வாங்கினால் ஆளுக்கு 40 லட்சம்தானே என்று பிடிக்காமல் விட்டவர்கள் முன்பு இருந்தனர். 2024 அக்டோபர் 1 முதல், வாங்குபவர் எத்தனை பேராக இருந்தாலும் மொத்த விலையே பார்க்கப்படும் எனச் சட்டம் தெளிவாக்கப்பட்டது.

பிரியும்போது

இந்தியாவில், கோவா நீங்கலாக, திருமணத்தால் தம்பதியரின் சொத்து பொதுச் சொத்தாகிவிடுவதில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி வழங்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களைப் பற்றியே பேசுகிறது. எனவே மணமுறிவின்போதும் வீட்டின் பங்கு, பத்திரத்தையும் 45ஆம் பிரிவையும் கொண்டே தீர்மானிக்கப்படும். தம்பதியருக்கிடையிலான சொத்து வழக்கைக் குடும்ப நீதிமன்றமே விசாரிக்கலாம்.

இங்கிலாந்தில் நீதிமன்றங்கள் வேறு வழியில் சென்றன. மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்து கூட்டாக வீடு வாங்கிய ஒரு இணையின் வழக்கில், 2007இல் பிரபுக்கள் சபை 65க்கு 35 என்று பிரித்தது. 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் 90க்கு 10 என்ற பிரிவினையை ஏற்றது. அங்கே ஆண் வீட்டைவிட்டு வெளியேறிய பின் பல ஆண்டுகள் பெண்ணே தவணையும் பராமரிப்பும் பார்த்துக்கொண்டார். இருவரின் நடத்தை முழுவதையும் பார்த்து அவர்களின் பொது எண்ணத்தை ஊகிக்கும் முறை இது. லண்டனில் வீடு வாங்கும் தமிழர்கள், ஊரில் உள்ள விதியை அங்கே பொருத்திப் பார்க்கக்கூடாது.

உடன்பாடு இல்லை என்றால் கூட்டுரிமையாளர் எவரும் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். இரண்டு அறை வீட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர் கேட்டால், சொத்தை விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். அப்போது மற்றப் பங்காளி, நீதிமன்றம் மதிப்பிட்ட விலையில் அப்பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளக் கோரலாம். 49 விழுக்காட்டுக்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படும். ஆண்டுக்கணக்கில் நீளும் இவ்வழக்குகளைத் தவிர்க்க, ஒருவர் விலக விரும்பினால் மற்றவருக்கு எத்தனை மாத அவகாசம், மதிப்பிடுவது யார் என்பவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்வோர் உண்டு.

ஒருவர் இறந்தால்

மேலே கண்ட எடுத்துக்காட்டில் மனைவிக்கு 25, கணவருக்கு 75 என்று பங்கு எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பங்கு தாய், மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். தாயும் இரு பிள்ளைகளும் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 18.75 விழுக்காடு. மனைவியின் மொத்தப் பங்கு 43.75 ஆகும், வீடு முழுவதும் அவருடையதாகாது. பிள்ளைகள் 18 வயது நிரம்பாதவர்கள் என்றால், அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. இடையில் தவணை மட்டும் நிற்காது. கடன் காப்பீடு எடுத்திருந்தால், அது யார் பெயரில், எவ்வளவுக்கு என்று பார்க்க வேண்டும்; தவணை கட்டாத துணைவரின் உயிருக்குக் காப்பீடு எடுத்துவிட்டு, கட்டுபவருக்கு எடுக்காமல் விடப்பட்ட கடன்கள் எந்தப் பயனும் தருவதில்லை.

மனைவி உயில் இன்றி இறந்தால் அவர் பங்கு முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செல்லும். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்றால் 15ஆம் பிரிவின்படி அது கணவரின் வாரிசுகளுக்குச் செல்லும். பெண்ணின் தாய் தந்தையர் அதற்குப் பிறகே வருவர். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. தாமே சம்பாதித்த பணத்தில் வாங்கியதற்கும், தந்தை உயிரோடு இருக்கும்போது கொடுத்த பணத்தில் வாங்கியதற்கும் அந்த விலக்குப் பொருந்தாது. 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கு இதன் கடுமையைக் காட்டுகிறது. திருமணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்த பெண் ஒருவர் புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டார் படிக்க வைக்க, வேலைக்குச் சென்று சொத்துச் சேர்த்தார். அவர் உயில் எழுதாமல் இறந்தபோது, அச்சொத்து கணவரின் உறவினருக்கே சென்றது. இது கடினமான வழக்கு என்பதை உணர்ந்தும், சட்டத்தின் சொற்களை மீற முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், முஸ்லிம்களுக்கு அவர்களின் தனிச்சட்டமும் பொருந்தும், பங்குகள் மாறும். மணம் செய்யாத இணையர் ஒருவருக்கொருவர் வாரிசுகளே அல்லர்; ஒருவர் இறந்தால் மற்றவர் அந்த வீட்டை இறந்தவரின் பெற்றோரோடோ உடன்பிறந்தோரோடோ பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும். கிரையப் பத்திரம் பதிவான அதே வாரத்தில் இருவரும் தனித்தனியே உயில் எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதுமானது.